பக்கவேர் எண்ணிய பதினாறு காலைகள்

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜை வேர்களுக்குப் போய்விட்டது. அறுபத்து நான்கு தாள்கள். ஒவ்வொரு தாளிலும் செடி வளர்த்த ஒரு தட்டின் படம். ஒவ்வொரு தட்டிலும் ஆறு செடிகள். ஒவ்வொரு செடிக்கும் இடப்பக்கம் ஒரு வேர், வலப்பக்கம் ஒரு வேர். ஆக எழுநூற்று அறுபத்தெட்டு வேர்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பக்கவேர் கிளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். நாங்கள் மூவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

வேர்கள் என் மனைவியுடையவை. நாங்கள் குடியேறியிருந்த தெலுங்கு நகரத்தில், தார்நாகா பகுதியில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். இருபத்து நான்கு வயதில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு சேர்ந்தவள். இருபத்தைந்து ஆண்டுகள் மற்றவர்களுக்காக விதை ஊன்றி, மற்றவர்களுக்காகத் தட்டுக் கழுவி, பதின்மூன்று பேருடைய ஆய்வேட்டில் நன்றிப் பக்கத்தில் மட்டும் பெயர் வந்தது. பதின்மூன்றும் எனக்குத் தெரியும், எண்ணியிருக்கிறேன். நாற்பத்தொன்பதாவது வயதில், யாரிடமும் கேட்காமல், தானும் பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொண்டு வந்து நின்றாள். வேலை நேரம் போக மீதி நேரத்தில்தான் செய்ய வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்த காலம் தீர்ந்து, நீட்டிப்பும் தீர்ந்து, கடைசியாக ஒரே ஒரு ஆண்டு நீட்டியிருந்தார்கள். அவளுடைய வழிகாட்டியும் அந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். அது தவறினால் பதினான்காவது ஆய்வேடு இல்லை.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தவன். சர்க்யூட் பலகையில் பற்றவைத்த புள்ளிகளை லென்ஸ் வைத்துப் பார்த்து எண்ணுவது வேலை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தபோது எண்ண ஒன்றுமில்லாமல் திண்டாடினேன். எங்கள் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டிலிருந்து தார்நாகாவுக்குப் பஸ்ஸில் எத்தனை நிறுத்தம், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற எத்தனை நிமிடம், மகளைக் கூட்டிப்போக வரும் கம்பெனி கேப் எத்தனை முறை ஹாரன் அடிக்கிறது, இப்படி ஓடிக்கொண்டிருந்தது. மகள் அப்போது ஊரின் அந்தக் கோடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு. அந்தப் பக்கம் பாறைகளை உடைத்துக் கண்ணாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கொய்யா மரம் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஐந்து மாடிகளாக மாறிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது.

வேர் விஷயத்தை அவள் எனக்கு முதன்முதலில் விளக்கியது சமையலறையில், கொத்தமல்லிக் கட்டை வேரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"மண்ணுல நைட்ரேட்டு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்காதுங்க. எலை மக்கின எடத்துல எச்சா இருக்கும், ஒரு சாண் தள்ளிப் போனா ஒண்ணுமே இருக்காது. செடி நடந்தா போக முடியும்? வேரைத்தான் அனுப்போணும். எங்க இருக்குதோ அங்க கிளை விடும். இல்லாத எடத்துல சும்மா இருக்கும்."

"இருக்கறது வேருக்கு எப்பிடித் தெரியும்?"

"அதைத்தானுங்க இத்தனை வருசமா நோண்டிட்டு இருக்கறோம்."

வேரின் தோலில் ஒரு புரதம் உண்டாம். நைட்ரேட்டை உள்ளே தூக்கிவிடுவதும் அதுதான், வந்திருக்கிறது என்று செய்தி சொல்வதும் அதுதான். மூட்டை இறக்குபவனே மணியும் அடிக்கிறான் என்று நான் புரிந்துகொண்டேன். மணி அடித்த சில நிமிடங்களுக்குள் செல்லின் உட்கருவில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சில உணவைச் செரிக்க, சில பக்கவேரைக் கிளப்ப. இதையெல்லாம் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கொத்தமல்லியை அன்று ரசத்தில் போட மறந்துவிட்டாள்.

அவள் சோதனை இதுதான். கடுகுக் குடும்பத்தில் ஒரு சின்னக் களைச்செடி. கடல்பாசி ஜெல்லி ஊற்றிய சதுரத் தட்டில் வளர்த்து, நடுவேரின் நுனியைக் கிள்ளி, இரண்டு வேராகப் பிரித்து, இடமும் வலமுமாகப் படுக்க வைப்பாள். ஜெல்லியின் நடுவே ஒரு வெட்டு. ஒரு பக்கம் நைட்ரேட் உண்டு, மறுபக்கம் கிடையாது. சாதாரணச் செடி, உண்டான பக்கத்தில் கிளைத்துத் தள்ளும். இன்னொரு வகைச் செடி இருந்தது. அதில் அந்த மணியடிக்கும் புரதத்துக்கான மரபணு பழுது. அதற்கு எது எந்தப் பக்கம் என்று தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிளைக்கும் என்பது அவள் எதிர்பார்ப்பு. வீட்டில் நாங்கள் அவற்றை உணரும் செடி, உணராத செடி என்று சொல்லிக்கொண்டோம்.

அதை வளர்த்தெடுக்க அவள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். வளர்ப்பறையில் மின்சாரம் போனால் விளக்கு அணைந்துவிடும். ஜெனரேட்டர் எடுக்கும் வரை அவளுக்கு மூச்சு வராது. பந்த் என்றால் பஸ் கிடையாது. செடி பந்த் பார்க்காது. பதினாறாம் நாள் படம் எடுக்க வேண்டுமென்றால் பதினாறாம் நாள்தான். ஒரு பந்த் நாளில் நான் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, மௌலாலி வழியாக, சந்து சந்தாக நுழைந்து கொண்டுபோய்விட்டேன். வழியில் நான்கு இடங்களில் நிறுத்தினார்கள். நான்கு இடத்திலும் அவள், "செட்லு, பாபு, செட்லு சச்சிபோதாயி" என்றாள். செடிகள் செத்துப்போகும் என்றதும் ஏதோ பெரிய விபத்து என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தது வழிகாட்டியின் யோசனை. எது எந்தச் செடி என்று தெரிந்தவர் எண்ணக் கூடாது, மனம் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும் என்பார். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆகவே தாள்களில் இருந்த எழுத்துகளை மறைத்து, கலைத்துப்போட்டு, ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை எண் ஒட்டிக் கொண்டுவந்தாள். எந்த எண் எந்தச் செடி என்று காட்டும் சாவிப் பட்டியல் அவள் அலுவலக மேஜையில்.

"ஏனுங்க, ரெண்டே விதிதான். தோலைத் தாண்டி வெளிய வந்திருந்தா வேரு. உள்ளயே புடைச்சிட்டு இருந்தா அது வேரில்லை, எண்ணக் கூடாது. அப்புறமேட்டு, வேரை மட்டும் எண்ணுங்க. வேற எதையும் எண்ண வேண்டாம்."

"வேறென்ன இருக்குது எண்ணறதுக்கு?"

"உங்களைத் தெரியாதுங்களா எனக்கு?"

மகள் செருப்பு மாட்டிக்கொண்டே, "அம்மா, அப்பாகி இது வெகேஷன். ஃபுல் எஞ்சாய்" என்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். வாயில் வருவது மட்டும் நான்கு மொழி.

பத்து மணி முதல் ஒரு மணி வரை, நாளுக்கு நான்கு தாள். பதினாறு காலைகள். ஜன்னல் வெளிச்சம் மேஜையின் வலது ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரும்வரை. தொழிற்சாலையில் வைத்திருந்த என் சொந்த லென்ஸ், கூர்சீவிய ஒரு சிவப்புப் பென்சில். எண்ணிய ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. மின்விசிறி போட்டால் தாள் பறக்கும் என்று போடவில்லை. வேர்வை தாளில் சொட்டாமல் தோளில் துண்டு. மதியம் அவள் போன் செய்வாள். "எத்தனை முடிஞ்சுதுங்க?" என்பாள். நான் சொல்வேன். "கண்ணு வலிக்குதுங்களா?" என்பாள். முப்பது ஆண்டுத் திருமணத்தில் அவள் என்னை மதிய வேளையில் தினமும் கூப்பிட்டது அந்தப் பதினாறு நாள்கள்தாம்.

தவறு எங்கே தொடங்கியது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஐந்தாம் நாள், பதினெட்டாவது தாள். படத்தில் வேருக்கு மேலே இலைகளும் தெரிந்தன. நான் இலைகளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று அல்ல, கண்ணில் பட்டால் எண்ணிவிடும் கண் என்னுடையது. பதினெட்டுத் தாள்களில் பதினொன்றில் செடிக்கு எட்டு இலை, ஏழில் ஆறே இலை. எட்டு இலைத் தாளில் எப்போதும் இடப்பக்கம் வேர் அடர்ந்திருந்தது. ஆறு இலைத் தாளில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று போலிருந்தது. எது எந்தச் செடி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாவிப் பட்டியல் தார்நாகாவில் பூட்டிக் கிடக்க, நான் ஏ.எஸ்.ராவ் நகரில் உட்கார்ந்து திறந்துவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெரிந்தால் என்ன, நான் நியாயமாகத்தானே எண்ணுகிறேன் என்று நினைத்தேன். இருபத்தெட்டு ஆண்டு பரிசோதகனுக்கு அந்தத் திமிர் இருந்தது. இன்னொன்றும் உண்டு. சொன்னால் வேலையைப் பிடுங்கிக்கொள்வாள் என்று பயந்தேன்.

எண்ணி முடித்ததும் கணக்கு மிக அழகாக வந்தது. உணராத செடியில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். வழிகாட்டி அவளுக்கு இரானி டீ வாங்கிக் கொடுத்தாராம். ஆய்வுக் குழுவின் முன்னால் வைத்து ஒப்புதல் வாங்கிவிட்டால் எழுத உட்காரலாம். வியாழக்கிழமை கூட்டம்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எட்டுப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு வேருக்கும் கீழே என் எண்ணிக்கையைப் போட்டு, மேஜையில் வைத்துவிட்டு அவள் துணி துவைக்கப் போனாள். இடம் போதவில்லை என்று இலைப் பகுதியை வெட்டி எடுத்திருந்தாள். வேர் மட்டும். இட வலத்தைக்கூடத் தன் வசதிக்கு மாற்றியிருந்தாள். கீழே போட்டிருக்கும் எண் சரியா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளுமா? திங்கட்கிழமை காலை லென்ஸை எடுத்தேன்.

எட்டுத் தாள், தொண்ணூற்றாறு வேர். முப்பத்தொன்று பொருந்தவில்லை. ஒன்று, இரண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். கை தவறினால் சில கூடும், சில குறையும். அது இயல்பு, தொழிற்சாலையில் அதற்கென்று அளவே உண்டு. இங்கே பழைய தாள்களை எடுத்து வைத்து ஒப்பிட்டபோது முப்பத்தொன்றில் இருபத்தேழு ஒரே திசையில் சாய்ந்திருந்தன. உணரும் செடியின் நைட்ரேட் பக்கத்தில், வெளியே வராத புடைப்புகளுக்கும் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். உணராத செடியின் அதே பக்கத்தில், வெளியே வந்துவிட்ட குட்டி வேர்களைப் புடைப்பு என்று தள்ளியிருந்தேன். அவள் என்ன எதிர்பார்த்தாளோ அதை என் பென்சில் கொடுத்திருந்தது. எப்போது செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

செவ்வாய்க்கிழமை மாடித் தொட்டியை மூன்று முறை போய்ப் பார்த்தேன். புதன்கிழமை காலை, அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அம்மிணி, நான் எலையையும் எண்ணிப்போட்டேன்."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் படித்த படிப்பு அப்படி. பாக்ஸை மூடிய கை அப்படியே நின்றது.

"எத்தனாவது தாளுல?"

"பதினெட்டு."

"அப்ப அதுக்கு மேல நாப்பத்தாறு தாளு." என்னைவிட வேகமாகக் கழித்தாள். "சாஞ்சிருக்குதுங்களா?"

முப்பத்தொன்று, இருபத்தேழு என்று சொன்னேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் வாயிலிருந்து வரக் கூடாத ஒரு சொல் அப்போது வந்தது.

"நாளைக்குக் கூட்டம் முடிஞ்சுரட்டும். இது யாருக்குத் தெரியப் போகுது?"

"தெரிஞ்ச ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருக்கறோமுங்க" என்றாள். "தெனமும் மூஞ்சியப் பாக்கோணும்."

குளியலறையிலிருந்து தலையில் துண்டோடு வந்த மகள், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "கியா ஹுவா? என்ன ஆச்சு?" என்றாள்.

"உங்கப்பா கணக்குல ஃபெயில்" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் குழுவின் முன்னால் எழுந்து, எண்ணிக்கை நம்பத்தக்கது அல்ல, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றாள். ஏன் என்பதையும் சொன்னாள். ஆறு வாரம் கொடுத்தார்கள். அதற்குள் கணக்கு வராவிட்டால் அந்த ஆண்டுக்குள் எழுதி முடிக்க முடியாது, பதிவே காலாவதியாகிவிடும். வழிகாட்டி ஓய்வுபெற்ற பிறகு ஐம்பது தாண்டிய டெக்னிக்கல் அசிஸ்டென்டைப் புதிதாக யார் எடுத்துக்கொள்வார்கள்? வீட்டுக்கு வந்து நான்கு நாள் என்னோடு பேசவில்லை. நான் கேட்டால் பதில் வரும். அவளாக ஒரு சொல்லும் வராது. நான்காம் நாள் சாயங்காலம், "சித்த நவுருங்க" என்றாள். அலமாரியிலிருந்து எதையோ எடுக்க நான் குறுக்கே நின்றிருந்தேன். அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரத்துக்கு வேலை வீட்டில் இப்படிப் பிரிந்தது. மகள் ஆபீஸிலிருந்து வந்து, எல்லாப் படங்களிலும் இலையை வெட்டியெறிந்து, இட வலத்தை அங்குமிங்கும் மாற்றிப் புதிய எண் போடும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். சாவி அவளிடம் மட்டும்; அம்மாவுக்கும் கிடையாது. எண்ணியவர்கள் வேறு ஆய்வுக்கூடத்து மாணவிகள் இருவர், தனித்தனியாக. எழுதுவது மனைவி. எனக்குச் சமையல்.

"நான் மூணாவதா எண்ணட்டுமா?" என்று ஒருநாள் கேட்டேன். "எலைதான் இல்லையே இப்ப."

"நக்கோ பா" என்றாள் மகள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "கைக்கு டென்ஷன்? மீரு சாம்பார் சூஸ்கோண்டி." வேண்டாம், எதற்கு டென்ஷன், நீங்கள் சாம்பாரைப் பாருங்கள் என்கிறாள்.

"சாம்பார்ல எத்தனை முருங்கக்காய்னு எண்ணிட்டு இருங்க" என்றாள் மனைவி. பதினான்கு துண்டு. சொல்லவில்லை.

நான்காவது வாரம் இரண்டு மாணவிகளின் கணக்கும் வந்தது. மகள் சாவியைப் பொருத்தினாள். மூவரும் ஒரு கணினியின் முன்னால் நின்றோம். உணரும் செடியில் வித்தியாசம் இருந்தது. நான் காட்டிய அளவுக்கு இல்லை. உணராத செடி என்று நாங்கள் சொல்லிவந்ததிலும் நைட்ரேட் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே கிளைத்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இரண்டு பேர் கணக்கிலும் அதே கொஞ்சம். நான் சமமாக்கி அழித்துவிட்டிருந்தது அதைத்தான்.

அவள் திரையை மேலும் கீழுமாக நகர்த்தி, இரண்டு கணக்கையும் மறுபடி பார்த்தாள். அவள் ஐந்து ஆண்டாக எழுதி வைத்திருந்த அத்தியாயத்தின் தலைப்பே அந்தத் திரையில் பொய்யாகிக்கொண்டிருந்தது.

"அப்ப மணியடிக்க இன்னொருத்தன் இருக்கறானுங்க" என்றாள் மெதுவாக. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "காப்பி போடறீங்களா? எல்லாருக்கும்" என்றாள்.

'உணர்வதில்லை' என்று இருந்த இடமெல்லாம் 'குறைவாக உணர்கிறது' என்று மாற்றினாள். சொல்லுக்கு அரை நிமிடம் என்று நான் கணக்குப் போட்டேன். பதினெட்டு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் இருந்த வாக்கியங்கள் எல்லாம் நகர வேண்டியிருந்தது. அந்த இன்னொரு வழி எது என்று அவள் கண்டுபிடிக்கவில்லை. வழிகாட்டியின் ஓய்வுக்குள் அதற்கு நேரமில்லை. பின்னால் உலகில் பல இடங்களில் பலர் பல வழிகளைச் சொன்னதாக அவளே படித்துக் காட்டியிருக்கிறாள்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முப்பத்தாறு நாற்காலி, இருபத்திரண்டு பேர். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் புத்தகத்தைக் கடைசியிலிருந்து புரட்டுபவராக இருந்தார். "இந்தப் பின்னிணைப்பு எதற்கு?" என்று கேட்டார். நான் அதுவரை ஆய்வேட்டைப் பார்த்திருக்கவில்லை. அவள், 'கணக்கிட்டவர் 1' என்று தலைப்பிட்டு, நான் எண்ணிய எழுநூற்று அறுபத்தெட்டு எண்களையும், பக்கத்திலேயே சரியான எண்களையும் அப்படியே கொடுத்திருந்தாள்.

"கணக்கிட்டவர் ஒன்று மிகவும் கவனமானவர்" என்றாள் ஆங்கிலத்தில். "அவருக்கே இப்படி நேர்ந்தது. இலையை மறைக்காமல் எண்ணினால் என்ன ஆகும் என்று அடுத்து வருபவர்களுக்குத் தெரிய வேண்டும்."

அந்த ஒன்று நான்தான் என்று அறையில் அவளைத் தவிர வழிகாட்டிக்கு மட்டும் தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்த பிறகு தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்து, "லெக்கபெட்டிந்தி மீரேனா?" என்றார், எண்ணியது நீங்கள்தானா என்று ஒன்றும் தெரியாதவர் போல. நான் ஆமாம் என்றேன். "பாக லெக்கபெட்டாரு" என்று தோளில் தட்டினார். நன்றாக எண்ணினீர்களாம்.

திரும்பும்போது பஸ்ஸில் முன்பக்கப் பெண்கள் இருக்கையில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் ஐந்து வரிசை பின்னால். ஆய்வேட்டின் எங்கள் வீட்டுப் பிரதி என் மடியில். தார்நாகா தாண்டியதும் பின்னிணைப்பைத் திறந்தேன். என் கையெழுத்துத் தாளிலிருந்த எண்கள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். லாலாபேட்டை அருகில் ஓரிடத்தில் விரல் நின்றது. நாற்பத்திரண்டாவது தட்டு, மூன்றாவது செடி, இடப்பக்கம். நான் பதினேழு என்று எண்ணியிருந்தேன். அச்சில் பதினொன்று.

"அம்மிணி" என்று கூப்பிட்டேன். நடுவிலிருந்த ஐந்து வரிசையும் திரும்பியது. "என்ர கணக்குல ஒண்ணு தப்பா அச்சாயிருக்குது."

அவள் திரும்பி, பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "உங்க கணக்குலயா? சரியான கணக்குலயா?" என்றாள்.

"என்ர கணக்குல."

"அதே தப்புக் கணக்குதானுங்க. இருந்துட்டுப் போகட்டும்."

"பதினேழு, அம்மிணி. பதினொண்ணுன்னு போட்டுட்டாங்க."

அவள் பக்கத்திலிருந்த ஒரு தெலுங்குக்கார அம்மாள் என்ன சண்டை என்று விசாரித்தாள். என் மனைவி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பஸ் மௌலாலிப் பாலத்தில் ஏறியது. நான் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஓரத்தில் சிறியதாகப் பதினேழு என்று எழுதினேன். நூலகத்தில் இருக்கும் மற்ற நான்கு பிரதிகளில் அது இன்னும் பதினொன்றுதான்.